தூவிய பாத்தி, பிரித்து நட்ட பாத்தி: ஜினியாவும் செண்டுமல்லியும் இரண்டு பருவங்களில்

முதல் பருவத்தில் ஜினியா விதையையும் செண்டுமல்லி விதையையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி, ஈர மணல் சேர்த்துப் பிசறி, பாத்தி முழுக்கத் தூவினேன். பதினோராம் வாரத்தில் பாதிப் பாத்தியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் பருவத்திலும் அதே பாத்தி, அதே மண், அதே இரண்டு பூக்கள்தான். செடிகளின் எண்ணிக்கை மட்டும் முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. அந்தப் பாத்தி பத்தொன்பதாம் வாரம் வரை பூத்தது. இடையில் என்னென்ன மாற்றினேன், எது பலித்தது, எது இன்னும் பிடிபடவில்லை என்பதை என் நாட்குறிப்பைப் பார்த்து எழுதுகிறேன்.

பாத்தி 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். ஒரு நீளப் பக்கத்தில் ஆளுயரச் சுவர். எதிர்ப் பக்கத்தில் நடைபாதை. காலை எட்டு மணிக்கு விழும் வெயில் மாலை நான்கு மணி வரை இருக்கும். மண் மணற்பாங்கானது, தண்ணீர் தேங்காது. இரண்டு பூக்களுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் என்னிடம் இல்லை. அதனால் பிழை இடத்தில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பருவம்

இரண்டையும் கலந்து தூவத் துணிந்ததற்குக் காரணம் அவற்றின் ஒற்றுமை. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். இரண்டும் மெக்சிகோ மண்ணில் தோன்றியவை. ஆப்பிரிக்கச் செண்டுமல்லி, பிரெஞ்சு செண்டுமல்லி என்ற பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை; பிறந்த நிலம் இரண்டுக்கும் அமெரிக்கக் கண்டமே. ஜினியாவும் செண்டுமல்லியும் சூடேறிய மண்ணில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், முழு வெயில் கேட்கும், குளிர் தாங்காது. விதைப்பு முதல் பூப்பு வரை ஏறக்குறைய இரண்டு மாதம். இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டை ஏன் தனித்தனியாக வளர்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் செண்டுமல்லி என்று எழுதுவது டாஜெட்டஸ் பேரினத்தை. கேந்திப்பூ என்று சொல்பவர்களும் உண்டு. விதைப் பொட்டலத்தில் ‘பாட் மேரிகோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அது காலெண்டுலா. பெயர்தான் ஒன்றுபோல, பேரினம் வேறு. குளிர்ந்த பருவத்தில் செழித்து, வெப்பம் ஏறும்போது சோர்ந்துவிடும் செடி அது. ஜினியாவுக்குத் துணையாக அதை நட்டால் இரண்டில் ஒன்று எப்போதும் வாடியே இருக்கும்.

நான்காம் நாள் ஜினியா தலைகாட்டியது, ஆறாம் நாள் செண்டுமல்லி. முதல் கோளாறு அப்போதே தெரிந்தது. ஜினியா விதை அம்புமுனை போலத் தட்டையானது, கனமானது. செண்டுமல்லி விதை ஊசி போல் மெலிந்து, முனையில் வெளிறிய குஞ்சம் தாங்கியது. கிண்ணத்தை ஆட்டியபோது கனமானது அடியிலும் இலேசானது மேலுமாகப் பிரிந்திருக்கிறது. முதல் கைப்பிடிகள் விழுந்த இடத்தில் செண்டுமல்லிக் காடு. கடைசிக் கைப்பிடிகள் விழுந்த இடத்தில் ஜினியாக் காடு. சீராகக் கலப்பதற்கென்று செய்த காரியம் சீராகவும் கலக்கவில்லை.

பயிர் கலைக்க மனம் வரவில்லை. முளைத்த உயிரைப் பிடுங்குவது எனக்கு எப்போதுமே கடினம். அரைகுறையாகக் கலைத்துவிட்டு, செடிக்குச் செடி ஒரு சாண்கூட இல்லாமல் விட்டேன். 9 சதுர மீட்டரில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட செடிகள். போதாததற்கு, விதைக்கும் முன்பு தொழுவுரம் தாராளமாகப் போட்டிருந்தேன். தழைச்சத்து மிகுந்த மண்ணில் இரண்டு பூக்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்: இலையும் தண்டும் பெருக்கும், மொட்டைத் தள்ளிப்போடும்.

விதைக் கலவையில் உயரமான செண்டுமல்லியும் (டாஜெட்டஸ் எரெக்டா) குட்டையான பிரெஞ்சு செண்டுமல்லியும் (டாஜெட்டஸ் பட்டுலா) இருந்தன. குட்டை வகை ஏழாம் வாரத்தில் பூத்துவிட்டது. உயர வகை அப்போது பூக்கவே இல்லை. உயரமாக வளர்ந்துகொண்டே போனது. அதற்கு விளக்கம் பகலின் நீளத்தில் இருக்கிறது. உயரச் செண்டுமல்லி குறுகிய பகலில் விரைந்து மொட்டு வைக்கும் இயல்புடையது. நான் விதைத்தது பகல் நீண்டுகொண்டே போகும் காலம். அதனால் அது இலையாகவே ஓங்கி, பக்கத்திலிருந்த ஜினியாவின் வெயிலைப் பறித்தது. நிழலில் நின்ற ஜினியா மெலிந்த ஒற்றைத் தண்டாக மேலே தாவியது. ஒன்பதாம் வாரம் அதன் முதல் பூக்கள் வந்தபோது, பூவைத் தாங்கும் வலு தண்டுக்கு இல்லை.

இலையில் இரண்டு நோய்கள், ஒன்றென்று எண்ணியது

அதே ஒன்பதாம் வாரம் ஜினியாவின் கீழ் இலைகளில் மாவு தூவியது போல் வெண்மை படர்ந்தது. கூடவே சில இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள். புள்ளியின் நடு சாம்பல் பூத்திருந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு நிலைகள் என்று எண்ணி, பூவாளியால் தலைக்கு மேலே தண்ணீர் ஊற்றியதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். தலைக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். புள்ளிகள் புதிய இலைகளுக்குப் பரவுவது குறைந்தது. வெண்மை மட்டும் குறையவில்லை. இரண்டே வாரத்தில் மேல் இலைகளையும் பிடித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது. வெண்மை சாம்பல் நோய். பழுப்புப் புள்ளி ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வரும் இலைப்புள்ளி நோய். இரண்டும் பூஞ்சைதான், ஆனால் வாழும் விதம் வேறு. இலைப்புள்ளிப் பூஞ்சைக்கு இலைமேல் ஈரம் நிற்க வேண்டும், தெறிக்கும் நீர்த்துளியில் ஏறி அடுத்த இலைக்குப் போகும், விதையோடும் வரும். சாம்பல் நோயின் வித்துகள் முளைக்க இலைமேல் நீர்த்துளியே தேவையில்லை. காற்றில் ஈரப்பதமும், நிழலும், அசையாத காற்றும் இருந்தால் உலர்ந்த இலையிலும் அது முளைக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டது இலைப்புள்ளிக்கு மருந்து. சாம்பல் நோய்க்கு மருந்து இடைவெளி. அதை நான் கொடுக்கவில்லை. இருநூற்றைம்பது செடிகள் மூச்சுவிட இடமில்லாமல் நிற்கும் பாத்தியில், சுவரோரம் காற்று நுழையவே இல்லை.

ஜினியாவின் இந்தப் பலவீனம் பூமியோடு நிற்பதில்லை. 2015 இறுதியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ‘வெஜ்ஜி’ என்ற சிறிய வளர்ப்புப் பெட்டியில் ஜினியா வளர்த்தார்கள். ஈரம் மிகுந்தது, இலைகளில் நீர் தேங்கியது, டிசம்பரில் பூஞ்சை பிடித்தது. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி நோயுற்ற பகுதிகளை வெட்டி எடுத்தார். விசிறியின் வேகம் கூட்டப்பட்டது. எப்போது தண்ணீர் விடுவது என்பதைச் செடியைப் பார்த்துத் தாமே தீர்மானிக்க அவர் அனுமதி கேட்டுப் பெற்றார். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிற ஜினியா ஒன்று அங்கே விரிந்தது. நாட்குறிப்பில் இதை எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: ஓடும் காற்று, செடியைப் பார்த்து ஊற்றும் தண்ணீர். விண்வெளியில் பலித்த அதே வைத்தியம்தான் சுவரோரப் பாத்திக்கும் வேண்டியிருந்தது.

செண்டுமல்லி இந்த நோய்களில் சிக்கவில்லை. நெருக்கத்தில் அதற்கு வேறு துன்பம் வந்தது. உயர வகை கடைசியில் பூத்தபோது, பந்து போன்ற பெரிய பூக்கள் மழைநீரை உறிஞ்சிக் கனத்துத் தலைகவிழ்ந்தன. இதழ்களுக்கிடையே சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து, பூ உள்ளிருந்தே அழுகியது.

மாடியிலிருந்து பார்த்தவள்

இவ்வளவுக்கும் நடுவில் பூக்கள் இல்லாமல் இல்லை. பத்தாம் வாரத்தில் பாத்தியருகே குனிந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. கருஞ்சிவப்பு, ரோஜா நிறம், மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் அடுத்தடுத்துக் கிடந்தன. அக்கா வந்திருந்தாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து கேட்டாள்:

“அந்த ஆரஞ்சுப் பாத்தியில் என்ன போட்டிருக்கிறாய்?”

“ஆரஞ்சா? அதில் ஏழெட்டு நிறம் இருக்கிறது அக்கா.”

“இங்கே நின்றால் ஏழு நிறம். மேலே போய்ப் பார், பழுத்த இலைக் குவியல் மாதிரி ஒரே நிறம்.”

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அக்கா பல ஆண்டுகளாகத் துணிக்குச் சாயம் போடுகிறவள். நிறத்தைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். சிறு சிறு புள்ளிகளாகச் சிதறிய நிறங்கள் தூரத்தில் கண்ணுக்குள் கலந்து ஒன்றாகிவிடும் என்று விளக்கினாள். பெரிய திட்டுகளாக இருந்தால் நேர்மாறாக நடக்கும். பக்கத்து நிறம் இந்த நிறத்தைத் தூண்டி எடுத்துக்காட்டும்.

இந்த இரண்டாவது விளைவுக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. பாரிஸின் கோப்ளேன் சித்திரத் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் மிஷேல் எஜேன் செவ்ரலிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற குறை வந்தது. சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது என்று அவர் கண்டுபிடித்தார். பாத்தியிலும் அதே கதைதான். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும் கருஞ்சிவப்பு ஜினியா சற்று நீலம் பாரித்துத் தெரியும். அந்த ஜினியாவின் பக்கத்தில் ஆரஞ்சு மேலும் மஞ்சளாகத் தெரியும். ஆனால் அந்த வேலை நடக்க இரண்டு நிறங்களுக்கும் போதிய பரப்பு வேண்டும். ஒற்றைப் பூவும் ஒற்றைப் பூவும் மாறி மாறி நின்றால் பத்து அடி தள்ளி நிற்பவருக்கு அது தெரியாது.

அன்று மாலை நாட்குறிப்பில் எழுதியது: “நோய்க்கும் நிறத்துக்கும் ஒரே காரணம். தூவியது.”

பதினோராம் வாரம் சுவரோரப் பாதியைப் பிடுங்கினேன். மீதியில் கொஞ்ச நாள் பூ வந்தது. குறித்துவைக்க எதுவும் இல்லை.

இரண்டாம் பருவம்: அளந்து நட்டது

இம்முறை விதை வாங்குவதற்கு முன் தாளில் பாத்தியை வரைந்தேன். நடைபாதை ஓரம் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை பிரெஞ்சு செண்டுமல்லிக்கு. அதற்குப் பின்னால் சுவர் வரை மிஞ்சிய இடத்தை ஆறு திட்டுகளாகப் பிரித்தேன். சதுரமாக அல்ல, ஒன்றின் வால் அடுத்ததன் தலைக்குப் பின்னால் போய் முடிவது போல, சாய்வாக, நீள்வட்டமாக. நான்கு திட்டு ஜினியா, இரண்டு திட்டு உயரச் செண்டுமல்லி. ஜினியாவுக்குச் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். உயரச் செண்டுமல்லிக்கு 45. பிரெஞ்சு வகைக்கு 25. சுவருக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் ஒரு முழம் வெறுமையாக விட்டேன். கணக்குப் பார்த்தால் ஜினியா 44, உயரச் செண்டுமல்லி 10, பிரெஞ்சு செண்டுமல்லி 42. மொத்தம் 96.

நட்ட முதல் மாதம் இந்தப் பாத்தியைப் பார்க்க மனம் கஷ்டப்பட்டது. செடியைவிட வெற்று மண்ணே அதிகம் தெரிந்தது. இடைவெளியில் இன்னும் நாலு விதை ஊன்றலாமா என்ற ஆசை ஒவ்வொரு காலையிலும் வந்தது. ஊன்றவில்லை. வளர்ந்த செடியின் அகலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வெற்று மண்ணைப் பார்க்கப் பழகுவதுதான் இந்த முழு முயற்சியிலும் எனக்குக் கடினமாக இருந்த பகுதி. உலர்ந்த இலைச் சருகை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினேன். தண்டை ஒட்டாமல் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டேன். அதன் பிறகு வெறுமை கண்ணை அவ்வளவு உறுத்தவில்லை. மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்கவைப்பதையும் மூடாக்கு தடுத்தது. இலைப்புள்ளிக்கு அது முக்கியம்.

ஜினியாவை நேரடியாக ஊன்றினேன். வேரை அசைத்தால் முகம் சுளிக்கும் செடி அது. குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம். இரண்டும் முளைத்த இடத்தில் ஒன்றைப் பிடுங்காமல் கத்தரியால் தரையோடு வெட்டினேன். மிஞ்சும் செடியின் வேர் அசையாது. செண்டுமல்லியைக் குழித்தட்டில் வளர்த்து நான்காம் வாரம் நட்டேன். அது நடவைப் பொறுத்துக்கொள்ளும். உயர வகையை நாற்றுத் தண்டின் ஒரு பகுதி மண்ணுக்குள் போகுமாறு ஆழமாக நட்டேன். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விட்டு நிலைத்துக்கொண்டது.

உரம் விஷயத்தில் கையை அடக்கிக்கொண்டேன். மக்கிய உரம் இரண்டு விரல் கனம், அதோடு சரி. தண்ணீர் சொட்டுநீர்க் குழாயில் வேருக்கு மட்டும், காலையில் மட்டும். மேல்மண் விரலின் இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகே திறந்தேன்.

ஒரு முழம் வளர்வதற்கு முன்பே ஜினியாவின் நுனியைக் கிள்ளினேன். ஜினியாவின் இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக வரும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கக் கிளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது அல்லது நான்காவது இலை ஜோடிக்கு மேலே நுனியை எடுத்தால் அவை எழும். முதல் பூ ஒரு வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. ஆனால் முதல் பருவத்தின் ஒற்றைத் தண்டுகளுக்குப் பதிலாக, அகலமாக உட்கார்ந்த செடிகள் கிடைத்தன. ஆறு செடிகளை மட்டும் கிள்ளாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். காற்றடித்த ஓர் இரவில் அந்த ஆறில் நான்கு சாய்ந்தன.

நிறத்தேர்வில் ஒரு கண்டிப்பான முடிவு எடுத்தேன்: ஆரஞ்சு ஜினியா வேண்டாம், மஞ்சள் ஜினியாவும் வேண்டாம். ஆரஞ்சும் மஞ்சளும் செண்டுமல்லியின் சொத்து. அதே நிறத்தை ஜினியாவுக்கும் கொடுத்தால் இரண்டு பூக்களும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். முதல் பருவத்தின் ‘ஒரே ஆரஞ்சு’க்கு அதுவும் ஒரு காரணம். ஜினியாவிடம் நீலம் ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லா நிறமும் உண்டு. செண்டுமல்லியால் தர முடியாததை அதனிடம் கேட்பதே முறை. ஆகவே ஜினியா நான்கு: வெள்ளை, எலுமிச்சைப் பச்சை, வெளிர் ரோஜா, கருஞ்சிவப்பு. உயரச் செண்டுமல்லி இரண்டு: எலுமிச்சை மஞ்சள் ஒரு முனையில், அடர் ஆரஞ்சு மறுமுனையை ஒட்டி. முன்பட்டையில் மஞ்சள் விளிம்புள்ள செம்பழுப்பு நிறப் பிரெஞ்சு வகை.

வெள்ளைக்கு ஏன் ஜினியா என்பதற்கு ஒரு சிறு கதை உண்டு. அமெரிக்காவின் பர்ப்பி விதை நிறுவனம் வெள்ளைச் செண்டுமல்லியைத் தேடி 1954-இல் 10,000 டாலர் பரிசு அறிவித்தது. 1975-இல்தான் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆலிஸ் வோங்க் என்ற தோட்டக்காரர் அதைப் பெற்றார். இருபத்தொரு ஆண்டுகள் தேடி எட்டிய வெள்ளைகூடத் தந்தநிறச் சாயல் கொண்டது. அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பாத்தியில் இரண்டு சூடான நிறங்களுக்கு நடுவே வெள்ளை தேவைப்படும்போது, வெள்ளை ஜினியா ஒரு பொட்டலத்தில் எளிதாகக் கிடைக்கிறது.

பலித்தவை

பிரெஞ்சு செண்டுமல்லி முதலில் பூத்தது. ஜினியா மொட்டு வைக்கும் வரை பாத்தியின் முகம் அதுதான். ஜினியா உயர்ந்த பிறகு அதன் வேலை மாறியது. எவ்வளவு கவனித்தாலும் ஜினியாவின் கீழ் இலைகள் பருவத்தின் பின்பாதியில் உதிரும். முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சி தெரியும். இறகு போல் பிளந்த இலைகளோடு தரையை மூடி நிற்கும் பிரெஞ்சு செண்டுமல்லி அந்தக் குச்சிகளை மறைத்தது. இந்த இரண்டு செடிகளுக்கும் உள்ள உண்மையான பொருத்தம் நிறத்தைவிட இதில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று உயரத்தில் பூக்கிறது, மற்றொன்று அதன் காலை மூடுகிறது; இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் மோதுவதில்லை.

சாம்பல் நோய் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பதினான்காம் வாரம் சுவர்ப்பக்கத்து ஜினியாவின் அடி இலைகளில் வந்தது. தினமும் பார்த்து, கண்ட இலையை அன்றே கிள்ளி எடுத்து, தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்தினேன். மேலே ஏறாமல் நின்றது. சுவருக்கு முன்னால் விட்ட ஒரு முழ இடைவெளி அந்தச் சில வாரங்களில் தன் மதிப்பைக் காட்டியது: அதன் வழியே கையும் போனது, காற்றும் போனது. காற்றோட்டம் தர முடியாத இடம் என்றால் ரகத்தை மாற்றுவதே வழி. ஜினியா அங்குஸ்டிஃபோலியா என்ற குறுகிய இலை இனம் சாம்பல் நோயை நன்றாகத் தாங்கும். அதை வழக்கமான ஜினியாவோடு சேர்த்து உருவாக்கிய ‘புரொஃபியூஷன்’ வரிசைக்கும் அந்தக் குணம் வந்திருக்கிறது. 1999-இல் அதற்கு, புதிய ரகங்களைச் சோதித்துப் பரிசளிக்கும் ஆல்-அமெரிக்கா செலெக்‌ஷன்ஸ் தங்கப் பதக்கம் கிடைத்தது. குட்டை வகை என்பதால் சுவரை மறைக்காது, அவ்வளவுதான்.

மாடியிலிருந்து பார்த்தால் இம்முறை நிறங்கள் பிரிந்து நின்றன. எலுமிச்சைப் பச்சை ஜினியா இவ்வளவு வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பூவுக்கும் இலைக்கும் நடுவில் நிற்கும் நிறம் அது. அதன் ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, மறுபக்கம் மஞ்சள் என்று வைத்ததில் இரண்டும் தெளிவாக எரிந்தன, ஒன்றையொன்று தின்னவில்லை. அந்தியில் இன்னொன்றையும் கவனித்தேன். வெளிச்சம் மங்கும்போது கருஞ்சிவப்புத் திட்டுதான் முதலில் இருண்டது. பகலில் எல்லாவற்றையும் விட உரக்கப் பேசிய பூ, இருட்டத் தொடங்கிய சில நிமிடங்களில் வெறும் நிழலாகிவிட்டது. வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும் கடைசி வரை மிதந்தன. மங்கிய ஒளியில் கண் சிவப்பை இழந்துவிடும். புர்கின்யே என்ற செக் உடலியலாளரின் பெயரால் இந்த விளைவு அழைக்கப்படுகிறது. தோட்டத்தில் மாலையில்தான் உட்கார நேரம் கிடைக்கும் என்றால், வெளிர் நிறத் திட்டுகளை இருக்கைக்கு அருகில் வையுங்கள்.

வெளிர் ரோஜா ஜினியாவை அடர் ஆரஞ்சுச் செண்டுமல்லிக்குப் பக்கத்தில் வைத்தது என் பிழை. தாளில் நன்றாக இருந்தது. வெயிலில் அந்த ரோஜா நிறம் சோகை பிடித்தது போல் நீலம் கலந்து வெளுத்தது. திட்டு முழுவதையும் கொய்மலராக்கி வீட்டுக்குள் கொண்டுபோனேன். ஜாடியில் தனியாக வைத்தபோது அதே பூ மென்மையாக, நிறைவாக இருந்தது.

கொய்வதைப் பற்றிச் சில வார்த்தைகள். ஜினியா வெட்டிய பிறகு மேலும் விரியாது. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கழுத்து துவண்டால் இன்னும் நாளாகும், விறைத்து நின்றால் வெட்டலாம். ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளைகள் வரும். கொய்யக் கொய்யப் பூக்கும் என்பது இதனால்தான். வெட்டிய ஜினியாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் இதழ் கெட்டுவிடும். செண்டுமல்லியின் வாடிய பூக்களை அடியிலிருக்கும் பச்சைக் கிண்ணத்தோடு சேர்த்துக் கிள்ள வேண்டும். இதழை மட்டும் உருவினால் விதை உள்ளே முற்றிக்கொண்டே இருக்கும், செடி அடுத்த மொட்டைத் தாமதிக்கும்.

செண்டுமல்லி காவல்காரனா?

செண்டுமல்லி நட்டால் பூச்சியே அண்டாது என்ற பேச்சு எங்கும் உண்டு. அதை நம்பித்தான் நானும் முன்பட்டை முழுக்க அதை வைத்தேன். பதினாறாம் வாரம், மழை நின்று வறண்ட காற்று வீசிய நாட்களில், பிரெஞ்சு செண்டுமல்லியின் இலைகள் வெளிறி, ஊசி குத்தியது போல் புள்ளி புள்ளியாகின. இலையைத் திருப்பி வெள்ளைத் தாள்மேல் தட்டினேன். நகரும் சிவப்புத் துகள்கள். சிவப்புச் சிலந்தி. காவலுக்கு நிறுத்திய செடியில்தான் அது முதலில் குடியேறியிருந்தது. அங்கிருந்து முன்வரிசை ஜினியாவுக்கும் போனது. இரண்டுக்கும் சில விருந்தாளிகள் பொது. தத்துப்பூச்சிகள் பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோயும் அப்படித்தான்; இரண்டையும் பிடிக்கும்.

அந்தப் பேச்சில் உண்மை இருக்கும் இடம் மண்ணுக்கடியில். செண்டுமல்லியின் வேரில் ஆல்ஃபா-டெர்தைனில் என்ற பொருள் இருக்கிறது. வேரைத் தாக்கும் சில நூற்புழு இனங்களை அது ஒடுக்கும். ஆனால் அதற்கு, பாத்தி முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கி நட்டு, இரண்டு மாதமாவது வளரவிட்டு, பிறகே அடுத்த பயிர் வைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு வரிசை நட்டுவிட்டு நடுவில் இருக்கும் செடிக்குப் பாதுகாப்பு எதிர்பார்ப்பது வீண். சிலந்திக்கு நான் செய்தது, மோசமான எட்டுச் செடிகளை எடுத்துவிட்டு, மற்றவற்றின் இலையடியில் காலை வேளையில் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சியது. ஜினியாவுக்குத் தலைக்கு நீர் கூடாது என்ற என் சட்டத்தை அதற்காக நான்கு நாள் மீறினேன். வெயில் ஏறுவதற்குள் இலை காய்ந்துவிடும் வகையில் மட்டும். சிலந்தி குறைந்தது, ஒழியவில்லை.

தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பொறுத்தவரை இரண்டு பூக்களும் சமமல்ல. பந்து போன்ற அடுக்குச் செண்டுமல்லியில் நடுவிலிருக்கும் குழல் பூக்கள் ஏறக்குறைய எல்லாம் இதழாக மாறிவிட்டிருக்கும். வந்த தேனீ சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஜினியாவின் நடுவில் மஞ்சள் விண்மீன்கள் வளையமாக விரிந்திருக்குமே, அவைதான் உண்மையான விருந்து. ஒவ்வொரு விண்மீனும் ஒரு முழுப் பூ. வண்ணத்துப்பூச்சி அந்த வளையத்தில் ஒவ்வொன்றாகக் குழாய் நீட்டிச் சுற்றிவருவதைப் பார்த்த பிறகு, மிகுந்த அடுக்குள்ள ஜினியா ரகங்களின்மேல் எனக்கு இருந்த மோகம் போய்விட்டது. அடுத்த முறை நடு தெரியும் ரகங்களே.

விதை

பத்தொன்பதாம் வாரம் பாத்தியை முடித்தேன். தண்டுகளைத் தரையோடு வெட்டினேன். நோய் கண்ட ஜினியா இலைகளை உரக்குழியில் சேர்க்கவில்லை.

ஜினியாவும் செண்டுமல்லியும் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார். கலக்காது, பேரினம் வேறு. ஜினியாவும் ஜினியாவும் தாராளமாகக் கலக்கும். நான்கு திட்டுகளுக்கிடையில் தேனீக்கள் நாளெல்லாம் போய்வந்த பாத்தியில் எடுத்த விதைக்கு நிறம் உத்தரவாதமில்லை. உயரச் செண்டுமல்லி வீரிய ஒட்டு ரகம் என்பதால் அதில் விதை எடுக்கவே இல்லை. எலுமிச்சைப் பச்சை ஜினியாவை மட்டும் விட மனமில்லை. முனையில் நின்ற இரண்டு செடிகளின் பூக்களைத் தண்டிலேயே பழுப்பாகக் காயவிட்டு, உதிர்த்து, காகித உறையில் வைத்தேன்.

அதில் சிலவற்றை இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு தொட்டியில் ஊன்றிப் பார்த்தேன். மூன்று செடிகள் பூத்திருக்கின்றன. இரண்டு ரோஜா நிறம். ஒன்று பச்சை, தாயைவிடச் சற்று வெளிர், நடுவில் மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரிகிறது. அதன் காம்பில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன்.